மூக்கில் ஊதாதீங்க பாட்டி

2021 ஜூன். மேட்டூரில் தண்ணீர் திறந்து, எங்கள் பக்கம் குறுவைக்கு நாற்று விட்டுக்கொண்டிருந்த நேரம். பாபநாசம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து, பிறந்து 12 நாளே ஆன ஆண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மூக்கடைப்பு. முந்தின நாள் ராத்திரியிலிருந்து சரியாகப் பால் குடிக்கவில்லை. அக்குளில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தேன்: 100.8.

"வீட்ல யாருக்காவது சளி, இருமல் இருக்கா?"

"இல்லீங்க" என்று மூன்று பேரும் ஒன்றாகச் சொன்னார்கள். சொல்லி வாய் மூடுவதற்குள் அம்மாயி இருமினார். "இது ஐஸ் தண்ணி குடிச்சது டாக்டரம்மா."

"பிள்ளையைக் குளிப்பாட்டுறது யாரு பாட்டி?"

"நாந்தான். எங்க தெருவுல எல்லாப் பிள்ளைக்கும் நாந்தான் தண்ணி ஊத்துவேன்." குரலில் பெருமை.

அந்தக் குளியலைப் பார்க்காத டெல்டாக்காரர் உண்டா? காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையைக் காலில் கிடத்தி, எண்ணெய் தேய்த்து, வெந்நீர் ஊற்றி, சாம்பிராணி காட்டி... எல்லாம் அழகுதான், சாம்பிராணிப் புகையைத் தவிர. ஆனால் நடுவில் ஒன்று வரும். மூக்கில் வாயை வைத்து ஒரு ஊது, காதில் ஒரு ஊது. சிலர் தொண்டைக்குள் விரலை விட்டுக் கோழையும் எடுப்பார்கள். இருமலோடு இருப்பவர் இதைச் செய்தால், கிருமியை நேராக மூச்சுக்குழாயில் கொண்டுபோய் விடுவதற்குச் சமம்.

பரிசோதனையில் பாட்டிக்கும் பேரனுக்கும் கொரோனா. மறுநாள் தாய்க்கும்.

வயிற்றில் இருக்கும்போதே தாயிடமிருந்து குழந்தைக்குக் கொரோனா தொற்றுவது அரிது. பெரும்பாலும் பிறந்த பிறகு, பக்கத்தில் இருப்பவர்களின் இருமல், தும்மல், மூச்சு வழியாகத்தான் வருகிறது. நிறைமாதத்தில் பிறந்த குழந்தைகளில் பலருக்கு லேசான சளியோடு போய்விடும். குறைமாதக் குழந்தை, இதயக் கோளாறு உள்ள குழந்தை என்றால்தான் எங்களுக்குக் கவலை கூடும். இந்தப் பிள்ளையைச் சேர்த்துக்கொண்டோம். ஒரு மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால், கொரோனா என்று தெரிந்தாலும் அதோடு விட முடியாது. ரத்தத்தில் பாக்டீரியா கலந்திருந்தாலும் இதே அறிகுறிதான். ரத்தத்தில் பாக்டீரியா வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் ரிப்போர்ட் வரும்வரை ஆன்டிபயாடிக் போட்டோம். ஐந்தாம் நாள் வீட்டுக்குப் போனான்.

அதற்கு முன் ஒரு சண்டை. தாய்க்கும் பாசிட்டிவ் என்றதும் அப்பா கடைக்கு ஓடிப் பால்பவுடர் டின் வாங்கி வந்துவிட்டார். அந்தப் பெண்ணோ வராந்தாக் கோடியில் தனியாக உட்கார்ந்திருந்தாள். பால் கட்டி, நைட்டியின் முன்பக்கம் நனைந்து, பிள்ளை அழும் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்து நின்றாள். எனக்குக் கோபம் வந்தது, மறைக்கவில்லை. சில தாய்மார்களின் பாலில் வைரஸின் மரபணுத் துணுக்குகள் தென்பட்டதுண்டு. ஆனால் பால் வழியாகத் தொற்று பரவியதாக நிறுவப்படவில்லை. பாலில் வரும் எதிர்ப்புப் பொருட்கள்தான் பிள்ளைக்குத் துணை. 2020லேயே உலக சுகாதார நிறுவனம் பாலை நிறுத்தாதீர்கள், தாயையும் சேயையும் பிரிக்காதீர்கள் என்றுதான் சொன்னது. தாய் மாஸ்க் போட்டுக்கொண்டு, சோப்பால் கை கழுவிவிட்டுக் கொடுக்கலாம். எழுந்து உட்கார முடியாத அளவுக்கு முடியவில்லையா, பீய்ச்சி எடுத்துப் பாலாடையில் கொடுக்கலாம். டின்னைத் திருப்பிக் கொடுத்தார்களா என்று கேட்டுக்கொள்ளவில்லை.

இன்று கொரோனா என்றால் யாரும் மிரள்வதில்லை. சரிதான். ஆனால் ஃப்ளூவும், பச்சைப்பிள்ளைகளின் நுரையீரலைத் தாக்கும் ஆர்.எஸ்.வி. என்ற வைரஸும் இதே வழியில்தான் வருகின்றன. தொட்டில் போடும் நாளில் ஊரே வந்து கன்னத்தில் முத்தம் கொடுத்துவிட்டுப் போகிறது. சளி இருப்பவர் வாசலோடு நிற்கட்டும். கோபித்துக்கொண்டால் என் பெயரைச் சொல்லிவிடுங்கள். பிள்ளைக்கு மட்டும் மாஸ்க் போட்டுவிடாதீர்கள், மூச்சு முட்டிவிடும். இரண்டு வயதுக்குக் கீழே மாஸ்க் கிடையாது.

அப்புறம் மூக்கடைப்பு. பச்சைப்பிள்ளை பெரும்பாலும் மூக்கால்தான் மூச்சுவிடும், அதனால் சின்ன அடைப்புக்கே பால் குடிக்கத் திணறும். ஊத வேண்டாம், டாக்டரிடம் கேட்டு மூக்கில் சலைன் (உப்புநீர்) சொட்டு விடுங்கள். தூங்கும்போது சட்டையை விலக்கி, வயிறு ஏறி இறங்குவதை முழுசாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கினால் தப்பாகும், ஏனென்றால் இந்த வயதில் மூச்சு விட்டுவிட்டுத்தான் வரும். 60க்கு மேல் போனால், விலா உள்ளே இழுத்தால், உதடு நீலம் பாரித்தால், பால் குடிக்க எழாமல் துவண்டு கிடந்தால், காய்ச்சல் 100.4ஐத் தொட்டால், விடியட்டும், முதல் பஸ்ஸில் போகலாம் என்று உட்கார்ந்திருக்காதீர்கள். ராத்திரி இரண்டு மணி என்றாலும் 108ஐக் கூப்பிடுங்கள்.