எஸ்.பி.எம் மறுபடி எழுதும்போது புதுப் பாடம் எடுக்கலாமா?

எடுக்கலாம். மலேசியாவில் ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் தேர்வு எஸ்.பி.எம். அப்போது எழுதிய பாடங்களையே திரும்ப எழுத வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனால் பேராக் மாநிலத்தில் இருக்கும் எங்கள் சுங்கை சிப்புட்டில் இந்தக் கேள்வி பெரும்பாலும் தவறான முனையிலிருந்துதான் தொடங்குகிறது. முடிவு வந்த மறுவாரமே, "கூடுதல் கணிதத்தை விட்டுவிட்டுக் கணக்கியல் எடுத்தால் சுலபமாமே, சார்?" என்று யாராவது வந்து நிற்பார்கள். போன ஆண்டு அப்படி வந்த பெண், செம்பனைத் தோட்டத்து லயத்திலிருந்து அப்பாவின் மோட்டார் சைக்கிளில் வந்திருந்தாள். முடிவுத் தாளை வாங்கிப் பார்த்தேன். வரலாற்றுக்கு நேரே ஜி, அதாவது தோல்வி, இருந்தது.

வரலாற்றில் ஜி இருக்கும்வரை வேறு எந்தப் பாடத்தில் ஏ பிளஸ் வாங்கினாலும் எஸ்.பி.எம் சான்றிதழ் கைக்கு வராது. மலாய்மொழியிலும் வரலாற்றிலும் தேர்ச்சி பெற்றவருக்கே சான்றிதழ். வரலாறு இந்தப் பட்டியலில் சேர்ந்தது 2013-இல். அதற்கு முன் மலாய்மொழி மட்டும் போதும். அதனால்தான் அந்தக் காலத்தில் எழுதிய அண்ணன்மார் சிலர் இன்றும் வீட்டில் பழைய கணக்கையே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். தேர்ச்சி என்றால் ஈ போதும். கிரெடிட் என்றால் சி அல்லது அதற்கு மேல். அரசாங்க வேலைக்கு மலாய்மொழியில் கிரெடிட் கேட்கிறார்கள், ஈ செல்லாது.

மறுபடி எழுத இரண்டு வழிகள் உண்டு. 'எஸ்.பி.எம் உலாங்கான்' என்று தனியாக நடக்கும் மறுதேர்வு ஒன்று. அதில் மலாய்மொழி, வரலாறு, கணிதம் ஆகியவைதான் உண்டு, புதுப் பாடத்துக்கு இடமில்லை. மற்றொன்று, பள்ளி மாணவர்கள் எழுதும் அதே பெரிய தேர்வைத் தனியார் தேர்வராக, அதாவது 'சாலோன் பெர்செண்டிரியான்' ஆக எழுதுவது. புதுப் பாடம் வேண்டுமானால் இந்த வழிதான். முன்பே எஸ்.பி.எம் எழுதியவர் எல்லாப் பாடங்களையும் மறுபடி சுமக்க வேண்டியதில்லை. தேவையானவற்றை மட்டும் பதிந்துகொள்ளலாம். கட்டணம் உண்டு, அது பாடங்களின் எண்ணிக்கையோடு கூடும். அதனால் 'எதற்கும் இருக்கட்டும்' என்று ஒரு பாடத்தைச் சேர்த்துவைப்பது வீண் செலவு.

எந்தப் பாடம் என்று முடிவு செய்ய, போக நினைக்கும் படிப்பிலிருந்து பின்னோக்கி வாருங்கள். டிப்ளோமாவுக்குப் பொதுவாக மூன்று கிரெடிட் கேட்பார்கள், பட்டப்படிப்புக்கு முந்தைய அடித்தளப் படிப்புக்கு ஐந்து. ஏற்கெனவே இரண்டு கிரெடிட் வைத்திருப்பவருக்கு டிப்ளோமாவுக்கு வேண்டியது இன்னும் ஒன்றுதான். அதைப் புதுப் பாடத்தில் தேடுவதா, டி வாங்கிய பழைய பாடத்திலேயே பிடிப்பதா? என் எண்ணத்தில் பத்துக்கு எட்டுப் பேருக்குப் பழைய பாடமே நல்லது. இரண்டு ஆண்டுகள் காதில் விழுந்த பாடத்தை டி-யிலிருந்து சி-க்கு ஏற்றுவது, ஒன்றும் தெரியாத பாடத்தை ஆசிரியர் இல்லாமல் முதலிலிருந்து படிப்பதைவிட எளிது. நமது பட்டணத்தில் கணிதத்துக்கும் மலாய்மொழிக்கும் டியூஷன் கிடைக்கும். பொருளியலுக்கு ஆசிரியர் தேட ஈப்போவுக்குப் பஸ் ஏற வேண்டியிருக்கும்.

படிப்பே குறிப்பிட்ட பாடத்தைக் கேட்டால் நிலைமை வேறு. அப்போதும், இரண்டு முறை எழுதிய முடிவுகளைச் சேர்த்து ஏற்பார்களா என்று சேரப்போகும் கல்லூரியிடம் முதலில் கேளுங்கள். இதைக் கேட்காமல் ஓர் ஆண்டைத் தொலைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

புதுப் பாடத்தில் இன்னொரு சிக்கல், எழுத்துத் தேர்வோடு முடியாத பாடங்கள். கணக்கியலுக்குக் கிர்ஜா குர்சுஸ் எனப்படும் செயல்திட்டம் உண்டு. இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றுக்கும் செய்முறைத் தேர்வு உண்டு. பள்ளியில் இருப்பவருக்கு ஆசிரியரும் ஆய்வுக்கூடமும் கைக்கெட்டும் தூரம். வெளியே இருப்பவர், அந்தப் பகுதியை எங்கே, எப்படிச் செய்வது என்பதை மாநிலக் கல்வி இலாகாவின் தேர்வுப் பிரிவில் விசாரித்த பிறகே பதிய வேண்டும். பேராக்கில் இருப்பவர்களுக்கு அது ஈப்போவில் இருக்கிறது.

புதுப் பாடம் என்றதும் நம் பிள்ளைகள் மறந்துவிடும் ஒன்று தமிழ். ஆறாம் ஆண்டுவரை தமிழ்ப்பள்ளியில் படித்துவிட்டு, இடைநிலைப் பள்ளியில் தமிழ் வகுப்பு இல்லாததால் விட்டவர்கள் நிறைய. (பதினைந்து மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தாய்மொழி வகுப்புக்கு 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் இடம் தருகிறது. கேட்பதில்தான் நமக்குச் சோம்பல்.) தமிழ்மொழியில் வாங்கும் கிரெடிட்டும் கிரெடிட்தான், படிப்பு வேறு பாடத்தைக் குறிப்பிட்டுக் கேட்காதவரை. தமிழ் இலக்கியம் தனிப் பாடம். அதில் கவிதை, நாவல், நாடகம் எல்லாம் வரும். வீட்டில் தமிழ் பேசுகிறோம் என்ற தைரியத்தில் மட்டும் அதில் இறங்க வேண்டாம்.

பதிவு இணையத்தில் நடக்கிறது, சில வாரங்கள்தான் திறந்திருக்கும். தேதியைத் தேர்வு வாரியத்தின் அறிவிப்பில் பாருங்கள், போன ஆண்டுத் தேதியை நம்பாதீர்கள். 2020-க்கான எஸ்.பி.எம் 2021 பிப்ரவரியில் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அடையாள அட்டையும் பழைய முடிவுத் தாளும் அருகில் இருக்கட்டும். இரண்டுக்கும் நகல் எடுத்துவையுங்கள். பதிவு முடிந்து அச்செடுத்த தாளில் பெயரைப் பார்ப்பதோடு நிறுத்தாமல் பாடக் குறியீட்டையும் பாருங்கள். தமிழ்மொழி 6354, தமிழ் இலக்கியம் 9217, வரலாறு 1249.

அந்தப் பெண் கடைசியில் 1249-ஐ மட்டும் பதிந்தாள். கணக்கியல் வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள்.