ஓமனில் வெயில் காயும் பூமியின் உட்புறம்

மஸ்கட்டில் ரூவி, மத்ரா பக்கம் வேலை பார்க்கும் தமிழர்களுக்குப் பழகிப்போன காட்சி இது: எங்கே திரும்பினாலும் புல்பூண்டு இல்லாத, கருத்துப்போன குன்றுகள். அழகு என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் அந்தக் குன்றுகளில் இருப்பது சாதாரணப் பாறை அல்ல. பூமியின் மேலோட்டுக்கு அடியில், கவசப் பகுதியில் இருக்கவேண்டிய பெரிடோடைட் அது. உடைத்துப் பார்த்தால் உள்ளே கரும்பச்சையாக இருக்கும். வெளிப்பக்கம் பழுப்பாகத் தெரிவதற்குக் காரணம், அதிலுள்ள இரும்பு காற்று பட்டுத் துருவேறுவதுதான்.

இந்தக் குன்றுகள் ஹஜர் மலைத்தொடரின் ஒரு துண்டு. ஹோர்முஸ் நீரிணையை ஒட்டிய முசந்தம் முனையில் தொடங்கி, அமீரகத்தின் கிழக்கோரமாக இறங்கி, ஓமனின் கிழக்கு மூலைவரை சுமார் 700 கிலோமீட்டர் நீள்கிறது இந்தத் தொடர். உயரமான சிகரம் ஜபல் ஷம்ஸ், ஏறத்தாழ 3,000 மீட்டர். ஒருபக்கம் ஓமன் வளைகுடா, மறுபக்கம் பாலை.

சரி, கவசப் பாறை மேலே வந்தது எப்படி? அரேபியாவுக்கும் ஆசியாவுக்கும் நடுவே முன்பு டெத்திஸ் என்ற பெருங்கடல் இருந்தது. சுமார் 9.5 கோடி ஆண்டுகளுக்கு முன் அதன் தரையில் ஒரு புவித்தட்டு இன்னொன்றின் அடியில் இறங்கத் தொடங்கியது. இறங்கிய தட்டின் பின்முனையில் ஒட்டிக்கொண்டிருந்தது அரேபியக் கண்டம். முன்னே போன கனமான தட்டு இழுக்க, கண்டத்தின் விளிம்பும் சேர்ந்து உள்ளே போனது. கடல்தரை நிலத்தின்மேல் ஏறியது என்று பொதுவாகச் சொல்கிறோம். நிலம் கடல்தரைக்கு அடியில் நுழைந்தது என்பதே சரி. ஆனால் கண்டப் பாறை எடை குறைந்தது; தண்ணீரில் அமுக்கிய காலிக்குடம் மாதிரி, ஓர் ஆழத்துக்கு மேல் போகாமல் மேலே எழும்பியது. எழும்பியபோது, தன் முதுகில் ஏறியிருந்த கடல்தரையையும் தூக்கிக்கொண்டு வந்தது. இப்படிக் கரையேறிய கடல்தரைக்கு ஒஃபியோலைட் என்று பெயர். சைப்ரஸிலும் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்திலும்கூட உண்டு. என்றாலும் இவ்வளவு பெரிதாக, இவ்வளவு தெளிவாகத் தெரிவது ஓமனில்தான். மழை குறைவு, மண்ணும் மரமும் மறைப்பதில்லை.

ஜபல் ஷம்ஸ் மட்டும் வேறு கதை. அது சாம்பல்நிறச் சுண்ணாம்புக்கல். அரேபியக் கரையோர ஆழமற்ற கடலில் படிந்தது. ஒஃபியோலைட்டுக்கு அடியில் புதைந்துபோன பாறைதான், பிற்காலத்தில் மடிந்து மேலெழுந்து, மேலே கிடந்தது அரிக்கப்பட்டதும் இன்று எல்லாவற்றையும் விட உயரமாக நிற்கிறது.

மேலோடு முடிந்து கவசம் தொடங்கும் இடத்தை மோஹோ எல்லை என்பார்கள். 1961இல் அமெரிக்கர்கள் பசிபிக் கடலில் அதைத் துளையிட்டு எட்டப் பார்த்தார்கள். கடல்தரையில் 183 மீட்டர்தான் போக முடிந்தது. ஓமனில் சில வாதிகளில் (வறண்ட ஆற்றுப் பள்ளத்தாக்குகளில்) அந்த எல்லையின்மேல் காலை வைத்து நடக்கலாம். ஒஃபியோலைட்டின் மேலடுக்கில், தண்ணீருக்குள் வழிந்து உறைந்த தலையணை லாவாவும் இருக்கிறது. அன்றைய கடலடி வெந்நீர் ஊற்றுகள் அதில் செம்பைச் சேர்த்துவைத்தன. நான்காயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய மெசபடோமியக் களிமண் பலகைகள் பேசும் 'மகன்' (Magan) நாட்டுச் செம்பு இந்தப் பகுதியிலிருந்து போனதாகவே ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

எனக்கு இதைவிடச் சுவாரசியமாகப் படுவது, பெரிடோடைட் இன்னும் சும்மா இல்லை என்பது. ஆழத்தில் நிலையாக இருக்கும் கனிமங்கள் மேற்பரப்பில் நிலைப்பதில்லை. நீரோடும் கரியமில வாயுவோடும் வினைபுரிந்து கார்பனேட்டாக மாறுகின்றன. பாறையெங்கும் ஓடும் வெள்ளை நரம்புகள் அதுதான். அவையெல்லாம் மிகப் பழையவை என்றே நினைத்திருந்தார்கள். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் பீட்டர் கெலமனும் யுர்க் மாட்டரும் கார்பன்-14 முறையில் அளந்தபோது, சராசரி வயது 26,000 ஆண்டுகள்தான் என்று வந்தது. அதாவது வினை இன்றும் நடக்கிறது.

அதை விரைவுபடுத்தினால் காற்றிலிருந்து பிடித்த வாயுவைக் கல்லாக்கிவிடலாமே? '44.01' என்ற ஓமன் நிறுவனம் இதைத்தான் முயல்கிறது. பெயர், கரியமில வாயுவின் மூலக்கூறு எடை. வாயுவை நீரில் கரைத்து ஆழ்துளைவழி பாறைக்குள் செலுத்துகிறார்கள். சிக்கல் ஒன்று உண்டு: கார்பனேட்டாக மாறும்போது பாறையின் கனஅளவு கூடும். அது இருக்கும் விரிசல்களை அடைத்துவிடுமா, அல்லது நெம்பிப் புது விரிசல்களை உண்டாக்குமா? ஃபன்ஜா ஊருக்கு அருகே, பெரிடோடைட் மாறி உண்டான லிஸ்ட்வனைட் என்ற பாறை இருக்கிறது. அதில் மக்னீசியம் முழுக்கவே கார்பனேட்டாகிவிட்டது. அங்கே வினை பாதியில் அடைபட்டு நிற்கவில்லை.