முப்பது மடங்கு வேண்டாம், மகனே

போன செவ்வாய்க்கிழமை கனடாவிலிருந்து வந்த இன்னொரு பைனாகுலர் என் பழுதுபார்க்கும் மேசைக்கு வந்து சேர்ந்தது. இந்த ஆண்டில் இது பதினொன்றாவது. கொண்டுவந்தவர் பளையில் தென்னங்காணி வைத்திருக்கும் ஓர் ஐயா. பழைய சாரத் துண்டில் சுற்றி, பனையோலைப் பெட்டிக்குள் வைத்திருந்தார். அந்தியில் காணிக்குள் இறங்கும் காட்டுப்பன்றியைத் தூரத்திலேயே கண்டுகொள்ள ஒன்று வேண்டும் என்று மகனிடம் கேட்டிருக்கிறார். மகன் ரொறன்ரோவில் வேட்டைச் சாமான் விற்கும் கடையொன்றில் வாங்கி, ஊருக்கு வந்த மைத்துனரின் பயணப் பெட்டிக்குள் போட்டு அனுப்பிவிட்டார்.

"நல்ல சாமான்தான் தம்பி. ஆனால் பார்த்தால் தலை இடிக்கிறது. பன்றி இரண்டாகத் தெரிகிறது."

திறந்து பார்த்தேன். உள்ளே ஒளியைத் திருப்பிவிடும் வலப்பக்க அரியம் ஒரு மயிரிழை நகர்ந்திருந்தது. அந்தப் பயணப் பெட்டியை யாரோ எங்கோ தூக்கிப் போட்டிருக்கிறார்கள். மயிரிழைதான் என்றாலும், இரண்டு குழாய்களும் ஒரே திசையைப் பார்க்காவிட்டால் கண்கள் இரண்டும் வலிந்து படங்களை ஒன்றாக்கப் பார்க்கும். தலையிடி அதனால்தான் வருகிறது. அரைநாள் இருந்து சரிசெய்து கொடுத்தேன். மறுநாள் மாலையே திரும்பி வந்துவிட்டார்: "இப்போது ஒன்றாகத் தெரிகிறது. ஆனால் ஆறரை மணிக்கு மேல் ஒன்றுமே தெரியவில்லையே?"

அதில் பழுது ஒன்றும் இல்லை. வாங்கிய சாமானே பிழை.

இருபது வருடமாக இதைச் சொல்லிச் சொல்லி என் வாய் வலிக்கிறது. மடங்கு கூடினால் பைனாகுலர் நல்லது என்று யார் உங்களுக்குச் சொன்னது? ஐயாவின் பைனாகுலரில் 8-24×50 என்று எழுதியிருந்தது. எட்டு மடங்கிலிருந்து 24 மடங்கு வரை பெரிதாக்கிக் காட்டும் என்று அர்த்தம். மகன் 24 என்ற இலக்கத்தைப் பார்த்துத்தான் வாங்கியிருப்பார். 50 என்பது முன் வில்லையின் விட்டம், மில்லிமீற்றரில். அதை மடங்கால் வகுத்துப் பாருங்கள். 24 மடங்கில் பின்பக்கத்தால் வெளிவரும் ஒளி வட்டம் வெறும் இரண்டு மில்லிமீற்றர்தான். நண்பகலில் உங்கள் கண்மணியும் இரண்டு மூன்று மில்லிமீற்றருக்குச் சுருங்கி நிற்பதால் குறை தெரியாது. கடை வாசலில் நின்று எதிர்க்கடைப் பெயர்ப்பலகையைப் பார்த்தால் அற்புதமாக இருக்கும். பொழுது சாய்ந்ததும் கண்மணி விரியும். இளம் வயதில் ஏழு மில்லிமீற்றர் வரை விரியும். அறுபது தாண்டியவருக்கு ஐந்து என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து மில்லிமீற்றர் வாசலுக்கு இரண்டு மில்லிமீற்றர் வெளிச்சம் அனுப்பினால் இருட்டைத் தவிர என்ன தெரியும்? 8×42 என்று எழுதிய சாதாரணக் கண்ணாடியில் இதே கணக்கு ஐந்தேகால் வரும்.

கை நடுக்கத்தை மறந்துவிட்டேன். 24 மடங்கு என்றால் உங்கள் கைநடுக்கமும் 24 மடங்கு. பத்துக்கு மேல் போனால் முக்காலி இல்லாமல் பிடிப்பது கடினம். மடங்கு கூடக்கூடப் பார்வைப் பரப்பும் சுருங்கும். தென்னைகளுக்கு இடையில் ஓடும் பன்றியை அந்தச் சின்ன வட்டத்துக்குள் பிடிப்பதற்குள் அது வேலியைத் தாண்டிப் போய்விடும். ஜேர்மனியில் இரவில் பரணில் இருந்து பன்றி வேட்டையாடுபவர்கள் காலங்காலமாக வைத்திருப்பது 8×56. எட்டு மடங்குதான்! தொழிலே அதுவாக உள்ளவர்களுக்கு எட்டுப் போதும் என்றால், பளையில் நாற்காலி போட்டு இருப்பவருக்கு 24 எதற்கு?

இதைவிட எரிச்சலூட்டுவது சிவப்புப் பூச்சுப் பூசிய வில்லை. முன்பக்கம் மாணிக்கம்போல் மின்னும். "இரவிலும் தெரியும்" என்று சொல்லி விற்பார்கள். வில்லை சிவப்பாக மின்னுகிறது என்றால் சிவப்பொளியை உள்ளே விடாமல் திருப்பி அனுப்புகிறது என்று அர்த்தம். ஏற்கெனவே வெளிச்சம் போதாத நேரத்தில் அதிலும் ஒரு பங்கைக் கழித்துவிட்டு, நீலம்பாய்ந்த படம் ஒன்றைக் காட்டும். நல்ல பூச்சுள்ள வில்லை இலேசான பச்சையாகவோ ஊதாவாகவோ மங்கித்தான் மின்னும்.

சரி, வெளிநாட்டில் வாங்குவதா, இங்கே வாங்குவதா? வெளிநாட்டில் தெரிவு அதிகம். பல நேரம் விலையும் குறைவு. யாழ்ப்பாணத்தில் தேடினால் விளையாட்டுச் சாமான் கடையில் தொங்குபவைதான் அதிகம் அகப்படும். கொழும்பில் நல்ல கமராக் கடைகள் உண்டு, விலைதான் கொஞ்சம் கூட. ஆனால் அந்தக் கூடுதல் காசுக்குக் கிடைப்பதை ஒருவரும் கணக்கில் எடுப்பதில்லை: பாவிக்கப் போகிறவர் தன் கண்ணிலேயே வைத்துப் பார்க்கலாம். ஐயா மூக்குக்கண்ணாடி போடுபவர். அப்படிப்பட்டவருக்குப் பின் வில்லையிலிருந்து பதினைந்து மில்லிமீற்றருக்கு மேல் விலகி நின்றாலும் முழு வட்டமும் தெரிய வேண்டும். இல்லாவிட்டால் குழாய்க்குள் எட்டிப் பார்ப்பதுபோல்தான் இருக்கும். மகனின் கண்ணுக்குப் பொருந்தியது அப்பாவின் கண்ணுக்குப் பொருந்தவேண்டும் என்று ஒரு கட்டாயமும் இல்லை.

"வாழ்நாள் உத்தரவாதம்" என்று பெட்டியில் அச்சடித்திருக்கும். யாருடைய வாழ்நாள், எந்த நாட்டில் என்று சிறிய எழுத்தில் உள்ளதை வாசியுங்கள். பல உத்தரவாதங்கள் வாங்கிய நாட்டுக்குள் மட்டும் செல்லும். சிலவற்றுக்கு அனுமதி பெற்ற முகவரின் பற்றுச்சீட்டு வேண்டும். ஐயாவிடம் பற்றுச்சீட்டும் இல்லை, பெட்டியும் இல்லை. பயணப் பெட்டியின் எடையைக் குறைக்க வீசிவிட்டார்களாம்.

வெளிநாட்டுப் பிள்ளைகளே, வாங்கித்தான் தீருவீர்கள் என்றால் இதையாவது செய்யுங்கள். ஊருக்கு வர ஒரு மாதம் முன்னரே வாங்குங்கள். திருப்பிக் கொடுக்கும் தவணைக்குள் சோதியுங்கள். கண்ணாடியைக் கை நீட்டும் தூரத்தில் வைத்து, வெளிச்சத்தை நோக்கிப் பின் வில்லையைப் பாருங்கள்: அந்த ஒளி வட்டம் வட்டமாக இருக்க வேண்டும், ஓரம் வெட்டுப்பட்டுச் சதுரமாகத் தெரிந்தால் உள்ளே மலிவான அரியம். மின்கம்பியொன்றைப் பார்த்தபடி கண்ணாடியை மெல்லக் கண்ணிலிருந்து விலக்குங்கள். இரண்டு வட்டத்திலும் கம்பி ஒரே மட்டத்தில் நிற்காமல் படிபோல் உடைந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பற்றுச்சீட்டைப் படம் எடுத்து அப்பாவுக்கு அனுப்புங்கள். கைப்பையில் கொண்டுவாருங்கள், பெரிய பெட்டியில் போடாதீர்கள்.

துப்பாக்கியில் பொருத்தும் தொலைநோக்கி, வெப்பத்தைக் கண்டு காட்டும் கருவி, இரவுப் பார்வைக் கருவி: இவற்றைப் பற்றி மாதம் ஒருவராவது கேட்கிறார்கள். முன் அனுமதி இல்லாமல் தொடவே வேண்டாம். இங்கே இறங்கும்போது மட்டுமல்ல, அமெரிக்கா போன்ற நாடுகளிலிருந்து வெளியே எடுக்கும்போதே ஏற்றுமதிச் சட்டம் குறுக்கே நிற்கும். விமான நிலையத்தில் வியர்த்து நிற்க உங்களுக்கு ஆசையா?

எங்கே வாங்கினாலும் நம் ஊரில் காத்திருக்கும் எதிரி பூஞ்சணம். மார்கழி மழையில் தோல் உறைக்குள் போட்டு அலுமாரிக்குள் பூட்டி வைப்பீர்கள். சித்திரையில் எடுத்தால் வில்லைக்குள் சிலந்திவலைபோல் படர்ந்திருக்கும். அது பூச்சையே அரித்துவிடும், துடைத்தாலும் தழும்பு நிற்கும். தோல் உறை ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும். அதை எறிந்துவிட்டு, மூடி இறுகும் டப்பா ஒன்றில், ஈரத்தை இழுத்துக்கொள்ளும் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். வாங்கும்போதே, உள்ளே ஈரம் புகாதபடி இறப்பர் வளையம் போட்டு நைதரசன் நிரப்பியதாகப் பார்த்தால் இன்னும் நல்லது. உப்புக்காற்றைத் தடுக்கவும் அந்த வளையம் பெரும் துணை. தயவுசெய்து நீங்களே திறந்து துடைக்காதீர்கள். திறந்தபின் என்னிடம் வருபவற்றில் பாதியை நான் காப்பாற்றியதில்லை.

வெள்ளிக்கிழமை அந்தி ஐயா மறுபடி வந்தார். மேசையில் கிடந்த என் பழைய 8×42-ஐக் கொடுத்து வாசலில் நிறுத்தினேன். தெருமுனைப் பனையை வெகுநேரம் பார்த்தார். "காவோலை வேறு, குருத்தோலை வேறாகத் தெரிகிறது" என்றார். அந்த நேரம் பார்த்து மகனின் அழைப்பு வந்தது. நடந்ததைச் சொன்னதும், "அப்படியா அப்பா? இங்கே முப்பது மடங்கு ஒன்று தள்ளுபடியில் போட்டிருக்கிறார்கள், பார்க்கவா?" என்ற குரல் எனக்கும் கேட்டது.

ஐயா கண்ணாடியைக் கண்ணிலிருந்து எடுக்காமலே, தொலைபேசியை என் பக்கம் நீட்டினார்.