உவர்: சலைனிட்டிக்கு நம்மிடம் இருக்கும் சொல்

மண் பரிசோதனை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு பேசும்போது, நாகப்பட்டினம் பக்கத்து விவசாயி “இ.சி. ஏறிப்போச்சாம், சலைனிட்டியாம்” என்பார். (இ.சி. என்பது மண்ணில் எவ்வளவு உப்பு என்று காட்டும் மின்கடத்துதிறன்.) அதே ஆள் வரப்பில் நின்று வயலைக் காட்டும்போது “உவர் பூத்துக் கிடக்கு பாருங்க” என்பார். அட்டைக்கும் இந்தச் சொல்லே போதும் என்பது என் எண்ணம்.

சலைனிட்டி, லத்தீனில் உப்பைக் குறிக்கும் ‘சால்’ என்ற சொல்லின் வழி வந்தது. அதைப் பார்த்து ‘உப்புத்தன்மை’ என்று ஆக்கினோம். பாடநூல்களில் ‘உவர்ப்பியம்’ என்றும் உண்டு. உவரும் உப்பும் ஒரே வேரில் கிளைத்தவை என்றுதான் திராவிட வேர்ச்சொல் ஆய்வு சொல்கிறது. கன்னடம், தெலுங்கு, மலையாளத்திலும் உப்பு உப்புதான். ஆனால் தமிழில் உவர் தனியாக வளர்ந்தது. ஆறு சுவைகளில் ஒன்று உவர்ப்பு. துணி வெளுக்க எடுத்தது உவர்மண். கடலுக்கு உவரி என்று பெயர். உவர்த்தல் என்றால் வெறுத்தல் என்ற பொருளும் இருக்கிறது. உப்பு என்பது ஒரு பண்டம். அது மண்ணிலோ நீரிலோ ஏறி நிற்கும் நிலை உவர். சலைனிட்டி குறிப்பதும் அந்த நிலையைத்தான். ‘தன்மை’ என்று ஒரு வால் ஒட்டவேண்டிய அவசியமே இல்லை.

‘பூத்தல்’ என்ற வினையையும் விட்டுவிடக் கூடாது. கோடையில் வேதாரண்யம், தலைஞாயிறு பக்கம் கடைமடை வயல்களைப் பார்த்தால் தெரியும். வெடித்த மண்ணின் விளிம்புகளில்தான் முதலில் வெள்ளை கட்டும். விரலால் தடவினால் பொடியாக ஒட்டிக்கொள்ளும், நாக்கில் வைத்தால் கரிக்கும். அடியில் இருக்கும் ஈரம் மண்ணின் நுண்துளைகள் வழியே மேலேறுகிறது. வெயில் நீரை மட்டும் கொண்டுபோகிறது, கரைந்திருந்த உப்பு மேலேயே தங்கிவிடுகிறது. அடுத்த மழை அதைக் கரைத்து வாய்க்காலில் விடும். வடிகால் இல்லாவிட்டால் திரும்பவும் உள்ளே இறக்கும்.

இதே வேலை பாலைவனத்தில் பெரிய அளவில் நடக்கிறது. அமெரிக்காவின் யூட்டா, கொலராடோ மாநிலங்களில் மான்கோஸ் ஷேல் என்று ஒரு பாறை பரந்து கிடக்கிறது. கிரட்டேசியஸ் காலத்துக் கடலின் அடிச்சேறு இறுகி உண்டானது. வயது சுமார் 9 கோடி ஆண்டு. (ஷேல் என்ற சொல் பழைய ஆங்கிலத்தில் ஓடு, தோடு என்ற பொருளில் இருந்தது, ஏடு ஏடாக உரியும் பாறை என்பதால் அந்தப் பெயர். தமிழில் களிப்பாறை என்பது பொருந்தும்.) அந்தப் பாறைக்குள் ஜிப்சமும் (கால்சியம் சல்பேட்) சோடியம் சல்பேட்டும் அடைந்திருக்கின்றன. மழை நிறையப் பெய்யும் ஊராக இருந்தால் என்றோ கழுவிப் போயிருக்கும். அங்கே பெய்வது மேல்மண்ணை நனைக்க மட்டுமே போதும். நனைந்தது காய்கிறது, உவர் பூக்கிறது; எப்போதாவது ஒரு புயல்மழை கொட்டும்போது காட்டாறு அதைத் துடைத்து எடுத்துப் போகிறது. வெள்ளத்தில் அரித்து வரும் களியும் போகிற வழியெல்லாம் கரைந்து உப்பை விட்டுக்கொண்டே இருக்கும். மலையில் பனி உருகி நல்ல தண்ணீராக இறங்கும் பிரைஸ் ஆறு, இந்தச் சமவெளியைத் தாண்டுவதற்குள் உவர்நீர் ஆகிவிடுகிறது. அந்த நீர் கடைசியில் போய்ச் சேரும் கொலராடோ ஆறு சுமக்கும் உப்பில் ஏறக்குறைய பாதி இயற்கையாகச் சேர்வதுதான். உவரைக் கட்டுப்படுத்த 1974இல் தனிச் சட்டமே போட்டார்கள்.

காவிரிக்கு அந்தக் கதி இல்லை. குடகிலிருந்து அது கடந்து வருவது பெரும்பாலும் பழைய கெட்டிப் பாறை. அதிலிருந்து கரையும் உப்பு கொஞ்சம். டெல்டாவின் உவர் பெரும்பாலும் கடல் பக்கமிருந்து வருவது. 2004 சுனாமி ஒரே நாளில் வயல்களில் ஏற்றிவிட்டுப் போனதும் உண்டு. ஆனால் கொள்ளிடத்துக்கு வடக்கே, பெரம்பலூர் மாவட்டம் காரையில், அதே கிரட்டேசியஸ் காலத்தில் இங்கிருந்த கடல் விட்டுப்போன களிப்பாறை வெளியில் தெரிகிறது. மழை அறுத்த ஓடைகளுக்கு நடுவே ஜிப்சம் தகடு தகடாக மின்னுவதைப் பார்க்கலாம். மான்கோஸைப் புரிந்துகொள்ள நமக்கு யூட்டா போகவேண்டியதில்லை.

பாலையில் ஆற்றைக் கெடுக்கும் அந்த ஜிப்சத்தைத்தான் நம்மூரில் மூட்டை மூட்டையாக வாங்கி வயலுக்கு இடுகிறார்கள். இங்கேதான் இன்னொரு சொல் வேண்டும்: களர். குறளில் ‘பயவாக் களர்’ என்று வருவது விளைச்சல் தராத நிலம். இன்றைய மண்ணியலில் களர் என்றால் களித்துகள்களில் சோடியம் பற்றிக்கொண்ட நிலம். நீர் உள்ளே இறங்காது, காய்ந்தால் கல்லாகும். ஜிப்சத்தில் உள்ள கால்சியம் அந்தச் சோடியத்தை விடுவிக்கும். பிறகு நல்ல தண்ணீர் கட்டி வடித்துவிட வேண்டும். தக்கைப்பூண்டு என்ற பசுந்தாள் பயிரை விதைத்து மடக்கி உழுவதும் உதவும்.

இரண்டையும் ‘உப்பு நிலம்’ என்று ஒரே பேரில் சொல்வதால் காசு வீணாகிறது. அட்டையில் இ.சி. மீட்டருக்கு 4 டெசிசீமனுக்கு மேலே, பி.எச். (கார-அமில அளவு) 8.5க்குக் கீழே, மாறக்கூடிய சோடியம் (களித்துகள்கள் பற்றியிருப்பதில் சோடியத்தின் பங்கு) 15 சதவீதத்துக்குக் கீழே என்றால் அது உவர்: ஜிப்சம் வேண்டாம், வடிகாலை வெட்டி நல்ல தண்ணீரால் அலசினால் போதும். பி.எச். 8.5ஐத் தாண்டி, மாறக்கூடிய சோடியமும் 15 சதவீதத்துக்கு மேல் இருந்தால் களர், ஜிப்சம் அதற்குத்தான்.