தொட்டியில் பாசியா? மயில்துத்தத்தைக் கையில் எடுக்காதீர்கள்

கும்பகோணம், மயிலாடுதுறை வட்டாரத்தில் கடல்நீர் மீன்தொட்டி அமைத்துக் கொடுத்துப் பராமரிப்பது என் தொழில். தொட்டி வைத்த சில வாரங்களில் அநேகமாக எல்லா வீட்டிலிருந்தும் வரும் கேள்வி இது: "சார், மணலெல்லாம் பழுப்பாப் படிஞ்சு கிடக்கு. துளி மயில்துத்தம் போட்டா என்ன?"

நடவு வயலில் பாசி கட்டினால் மயில்துத்தத்தை, அதாவது காப்பர் சல்பேட்டை, துணியில் முடிந்து மடைவாயில் போடுகிற ஊர் இது. அதனால் அந்த யோசனை வருவது இயல்பு. கடல்நீர்த் தொட்டியில் மட்டும் வேண்டவே வேண்டாம். அதிலுள்ள தாமிரம் நத்தை, இறால், நண்டு எதையும் விட்டுவைக்காது. கல்லிலும் மணலிலும் ஏறி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். தண்ணீரை மொத்தமாக மாற்றினாலும் அந்தக் கல்லை நம்பி ஒரு நத்தையை விட முடியாது.

அந்தப் பழுப்புப் படிவு டயாட்டம். தண்ணீரிலுள்ள சிலிக்கேட்டை எடுத்து ஓடு கட்டிக்கொள்ளும் நுண்பாசி. அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா தொட்டியில் நிலைபெற நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். அந்தக் காலத்தில் டயாட்டம் வருவது வழக்கம்தான். சிலிக்கேட் தீர்ந்தால் தானாகப் போய்விடும்.

போகவில்லையென்றால், நாம்தான் தினமும் சிலிக்கேட் ஊற்றிக்கொண்டிருக்கிறோம். சித்திரை வெயிலில் மின்விசிறி வைத்துக் குளிர்விக்கும் தொட்டியில் தண்ணீர் மளமளவென்று ஆவியாகும். ஆவியாவது வெறும் நீர்தான். உப்பும் சிலிக்கேட்டும் பாஸ்பேட்டும் உள்ளேயே தங்கிவிடும். ஆவியாகிக் குறைந்த அளவை ஈடுகட்ட போர் தண்ணீரை ஊற்ற ஊற்ற அவை ஏறிக்கொண்டே போகும். "ஆர்ஓ தண்ணிதான் சார் ஊத்துறோம்" என்பார்கள். குடிப்பதற்கான ஆர்ஓ மெஷின்கள் பலவற்றில் ருசிக்காகக் கொஞ்சம் வடிகட்டாத தண்ணீரைக் கலந்துவிடும் திருகு ஒன்று இருக்கும். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரை வைத்துப் பார்த்தால் குட்டு வெளிப்படும். தொட்டிக்கு வேண்டியது பூஜ்ஜியம். அதற்கு ஆர்ஓவுக்குப் பின்னால், மிச்ச உப்புகளையும் பிடித்துவிடும் டிஐ ரெசின் குழாய் ஒன்று கட்டாயம்.

கேனில் கடல்நீர் பிடித்து வருபவர்கள் ஐப்பசி, கார்த்திகையில் போகாதீர்கள். அப்போது வயல் உரமும் வண்டலும் ஆற்றோடு வந்து பூம்புகார், தரங்கம்பாடிக் கரையோரக் கடலில் கலந்திருக்கும். உப்பும் நீர்த்துப் போயிருக்கும்.

அடுத்து வருவது பச்சை நார்ப்பாசி. இதற்குத் தீனி நைட்ரேட்டும் பாஸ்பேட்டும். பெரும்பாலும் காரணம் பாசமாகத்தான் இருக்கும்: காலையில் தாத்தா ஒரு சிட்டிகை, பள்ளிவிட்டு வந்து பேரன் ஒரு சிட்டிகை. தீனி போடும் பொறுப்பை ஒருவர் கையில் கொடுங்கள். உறைந்த இறால் போடுவதானால் கரைத்து, அந்த நீரை வடித்துவிட்டுப் போடுங்கள். நாரைக் கையால் பிடுங்கி வெளியே எடுங்கள். தொட்டிக்குள் உதிரவிட்டால் அழுகி மறுபடி உரமாகும். விளக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் எரிய வேண்டாம். ஜன்னல் வெயில் படாத இடம் நல்லது.

சிவப்பாக, வழவழவென்று விரிப்பு மாதிரி படர்வது பாசியே இல்லை, சயனோபாக்டீரியா. நெல் வயலுக்கு உயிர் உரமாக இடுகிற நீலப்பச்சைப் பாசியும் இதே இனம்தான். இவற்றில் பல கரைந்திருக்கும் நைட்ரஜன் வாயுவையே எடுத்துக்கொள்ளும். ஆகவே டெஸ்ட் கிட்டில் நைட்ரேட் பூஜ்ஜியம் காட்டினாலும் வளரும். குழாய் வைத்து உறிஞ்சி எடுத்துவிட்டு, நீரோட்டம் மந்தமாக இருக்கும் மூலைக்கு பவர்ஹெட்டை (தொட்டிக்குள் நீரோட்டம் தரும் சிறு பம்பை) திருப்புங்கள். ஆன்டிபயாட்டிக் மாத்திரையைப் பொடித்துப் போட்டால் வடிகட்டியில் வாழும் நல்ல பாக்டீரியாவும் அடிபடலாம்.

பழுப்பாக, சளி போல இழையிழையாய்த் தொங்கி, நுனியில் குமிழி பிடித்திருந்தால் நிதானியுங்கள். அது டைனோபிளாஜெல்லேட் என்ற நுண்ணுயிராக இருக்கலாம். நைட்ரேட், பாஸ்பேட் இரண்டும் வற்றிய தொட்டியில் தலைதூக்குவது அதன் குணம். அங்கே தண்ணீர் மாற்றிக்கொண்டே இருந்தால் நிலைமை மோசமாகும்.

மணலைச் சுத்தம் செய்ய என்று யாராவது கடல் அட்டை கொடுத்தால் வாங்காதீர்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் கடல் அட்டையும் பவளப்பாறையும் பாதுகாக்கப்பட்டவை. ராமேஸ்வரத்துப் பாறை என்று சொல்லி விற்கும் பவளக் கல்லும் அதில் சேர்ந்ததுதான். செராமிக் கல்லிலேயே தொட்டி நன்றாக வரும், பாக்டீரியா குடியேறக் கொஞ்சம் கூடுதல் நாள் பிடிக்கும், அவ்வளவுதான்.