ஒரே நேரத்தில் எத்தனை மந்திரம்? விதி எழுதுபவர்கள் கவனிக்க வேண்டியது

டேபிள்டாப் ரோல்பிளேயிங் விளையாட்டுகளின், அதாவது மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரமாகப் பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டுகளின், வரைவுகளைப் படித்துத் திருத்துவது என் வேலை. அவற்றில் அடிக்கடி கண்ணில் படும் விதி இது: "உயர்நிலை மந்திரவாதி இரண்டு மந்திரங்களை ஒரே நேரத்தில் தக்கவைக்கலாம்." அதாவது, போட்ட மந்திரங்கள் கலையாமல் தொடர்ந்து வேலை செய்யும்படி பிடித்து வைக்கலாம். எழுதும்போது சின்னச் சலுகையாகத்தான் தெரியும். விளையாடும்போதுதான் அதன் விலை புரியும்.

இந்த வகை விளையாட்டான டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸின், 2003இல் வந்த 3.5 பதிப்பில் பெரும்பாலான மந்திரங்களுக்கு ஒரே நேரத்தில் இத்தனைதான் என்ற கட்டுப்பாடு இல்லை. சண்டைக்கு முன்பே பலம், வேகம், பாதுகாப்பு என்று அடுக்கிக்கொண்டே போகலாம். மந்திரங்களைக் கலைக்கும் 'டிஸ்பெல் மேஜிக்'கை எதிரி போட்டால் ஒவ்வொரு மந்திரத்துக்கும் தனித்தனியாகப் பகடை உருட்ட வேண்டும். எது கலைந்தது, எது மிச்சம் என்று எண்களைத் திரும்பக் கூட்டி முடிப்பதற்குள் மற்றவர்கள் கைபேசியை எடுத்துவிடுவார்கள்.

2014இல் வந்த ஐந்தாம் பதிப்பு இதைக் கான்சன்ட்ரேஷன் விதியால் கட்டியது. சில மந்திரங்கள் நீடிக்க, போட்டவர் மனதைக் குவித்தே இருக்க வேண்டும். அந்த வகை மந்திரங்களில் ஒரு நேரத்தில் ஒன்றுதான். அடிபட்டால், மந்திரம் கலையாமல் இருக்க கான்ஸ்டிட்யூஷன் சேவ், அதாவது உடல் உறுதிக்கான பகடை, உருட்ட வேண்டும். இலக்கு 10, அல்லது பட்ட சேதத்தில் பாதி, எது அதிகமோ அது. 30 சேதம் என்றால் 15. இரண்டு அடி விழுந்தால் இரண்டு முறை உருட்ட வேண்டும். இந்த விதியின் அருமை இங்கேதான். எதிரிகளுக்கு மந்திரவாதியைக் குறிவைக்க ஒரு காரணம் கிடைக்கிறது. அவரைக் காப்பதற்காகவே வாள்வீரர் குறுக்கே வந்து நிற்கிறார். கட்டுப்பாடு ஒருவருக்குத்தான், ஆனால் மேசையில் இருக்கும் எல்லோருக்கும் வேலை வந்துவிடுகிறது.

இதைத் தளர்த்தினால் என்ன ஆகும்? உள்ளிருப்பவரைச் சோர்வடையச் செய்யும் 'சிக்கனிங் ரேடியன்ஸ்' ஒளியைப் பரப்பி, அதன்மேல் 'வால் ஆஃப் ஃபோர்ஸ்' கூண்டைக் கவிழ்த்தால், இடம் பெயரும் மந்திரம் போல ஏதாவது இல்லாதவர் உள்ளேயே சோர்ந்து செத்துப்போவார். இரண்டுக்குமே கான்சன்ட்ரேஷன் வேண்டும் என்பதால், இன்றைய விதிப்படி இதற்கு இரண்டு மந்திரவாதிகள் கைகோக்க வேண்டும். அந்தக் கூட்டணியே ஓர் அழகு. சலுகை கொடுத்தால் ஒருவரே முடித்துவிடுவார்.

எண்ணிக்கையைக் கூட்டித்தான் ஆக வேண்டுமென்றால், அதற்கு விலை வையுங்கள். ஷேடோரன் என்ற இன்னொரு விளையாட்டின் நான்காம், ஐந்தாம் பதிப்புகளில் தக்கவைக்கும் ஒவ்வொரு மந்திரத்துக்கும் மற்ற சோதனைகளில் 2 பகடை குறையும். பாத்ஃபைண்டர் என்ற விளையாட்டின் இரண்டாம் பதிப்பில் ஒருவருக்கு முறைக்கு 3 செயல்கள். தக்கவைக்க வேண்டிய மந்திரம் ஒவ்வொன்றும் அதில் ஒன்றைத் தின்னும்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பில் வேட்டைக்கார வீரரான ரேஞ்சரின் 'ஹண்டர்ஸ் மார்க்' மந்திரத்துக்கும் கான்சன்ட்ரேஷன் வேண்டும். அவருடைய மற்ற நல்ல மந்திரங்கள் பலவும் அப்படித்தான். அதனால் அவை ஏட்டிலேயே கிடக்கின்றன. 'ஹண்டர்ஸ் மார்க்' போல, அடிக்குக் கூடுதலாக ஒரு சின்னப் பகடைச் சேதம் மட்டும் தரும் மந்திரத்துக்கு இந்தப் பூட்டு தேவையில்லை. போர்க்களத்தையே மாற்றிவிடுகிற சுவர், பறத்தல், உருமாற்றம் போன்றவற்றுக்குப் போடுங்கள்.

அப்புறம், சோதனை ஆட்டம் நடத்தும்போது மந்திரவாதியை மட்டும் கவனிக்காதீர்கள். அவர் முறை முடியும்வரை பக்கத்தில் இருப்பவர் எவ்வளவு நேரம் சும்மா உட்கார்ந்திருக்கிறார் என்பதையும் குறித்துவையுங்கள்.