ஆன்டிட்ரஸ்ட்: அது 'நம்பிக்கை எதிர்ப்பு' அல்ல

பெரிய மென்பொருள் நிறுவனம் ஏதாவது ஒன்றுக்கு ஐரோப்பாவில் அபராதம் போடும்போதெல்லாம் நம் செய்திகளில் 'நம்பிக்கை எதிர்ப்புச் சட்டம்' என்ற தொடர் வந்துவிடுகிறது. 'நம்பிக்கையற்ற வழக்கு' என்றுகூட ஓரிடத்தில் படித்திருக்கிறேன். பெரிய நிறுவனங்கள் சந்தையில் போட்டியை நசுக்குவதைத் தடுக்கும் 'ஆன்டிட்ரஸ்ட்' சட்டத்தைத்தான், ஆங்கிலத்தில் டிரஸ்ட் என்றால் நம்பிக்கை என்பதால், இப்படி மொழிபெயர்க்கிறார்கள். படிப்பவருக்கு என்ன புரியும்? யாரோ யாரையோ நம்ப வைத்துக் கழுத்தறுத்துவிட்டார்கள், அதற்கு வழக்கு நடக்கிறது என்றுதான் நினைப்பார். இந்தச் சட்டத்துக்கும் அப்படிப்பட்ட நம்பிக்கைக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

ஆன்டிட்ரஸ்ட் அமெரிக்காவில் பிறந்த சொல். அதில் வரும் 'டிரஸ்ட்' நம் ஊரில் பள்ளிக்கூடமோ மருத்துவமனையோ நடத்தும் அறக்கட்டளையைப் போலச் சட்டப்படி ஏற்படுத்தும் ஓர் அமைப்பு, ஆனால் நோக்கம் முழுக்க வியாபாரம். 1882-இல் எண்ணெய் அதிபர் ராக்ஃபெல்லரின் ஸ்டாண்டர்ட் ஆயில் கூட்டத்துக்கு ஒரு சிக்கல் இருந்தது. கையில் ஏறக்குறைய 40 நிறுவனங்கள், அவை பல மாநிலங்களில் சிதறிக் கிடக்கின்றன, ஒரு நிறுவனம் இன்னொரு நிறுவனத்தின் பங்குகளை வைத்துக்கொள்ள அப்போதைய சட்டம் லேசில் விடாது. அவர்களுடைய வழக்கறிஞர் சாமுவேல் டாட் ஒரு வழி கண்டுபிடித்தார். எல்லா நிறுவனங்களின் பங்குதாரர்களும் தங்கள் பங்குகளை ஒன்பது அறங்காவலர்களிடம் ஒப்படைத்துவிட வேண்டும், பதிலுக்கு ஒரு சான்றிதழ் கிடைக்கும், லாபத்தில் பங்கும் வரும். ஆனால் எந்த ஆலை எவ்வளவு எண்ணெய் சுத்திகரிக்கும், என்ன விலைக்கு விற்கும் என்பதையெல்லாம் அந்த ஒன்பது பேர்தான் முடிவு செய்வார்கள். வெளியிலிருந்து பார்த்தால் 40 கடை, உள்ளே கல்லாப்பெட்டி ஒன்றுதான்.

இதைப் பார்த்துச் சர்க்கரை, விஸ்கி என்று மற்றத் தொழில்களிலும் டிரஸ்ட்கள் முளைத்தன. மக்கள் வாயில் 'டிரஸ்ட்' என்றாலே கூட்டுச் சேர்ந்து சந்தையை வளைத்துப்போடும் பெரும் முதலாளிகள் என்று பொருள் மாறிப்போனது. அதை எதிர்த்து 1890-இல் வந்ததுதான் ஷெர்மன் சட்டம். 1911-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஸ்டாண்டர்ட் ஆயிலை 34 நிறுவனங்களாக உடைத்தபோது அது சட்டப்படி டிரஸ்டாகவே இல்லை, நியூ ஜெர்சியில் பதிவான ஒரு சாதாரண நிறுவனமாக மாறியிருந்தது. டிரஸ்ட் போய்விட்டது, அதை எதிர்த்த சொல் மட்டும் நின்றுவிட்டது. அமெரிக்கர்களுக்கே காரணம் மறந்துபோன பெயர் இது. அதைப் பிய்த்து இரண்டு பாதிகளையும் தனித்தனியே மொழிபெயர்த்தால் 'நம்பிக்கை எதிர்ப்பு' தான் மிஞ்சும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? பலர் எழுதுவது 'ஏகபோக எதிர்ப்புச் சட்டம்'. இது எவ்வளவோ மேல். ஏகபோகம் நமக்குப் புதிய சொல்லும் இல்லை. ஏகம் ஒன்று, போகம் அனுபவிப்பது. ஒரே பிராமணருக்குக் கொடுத்த ஊரைக் கல்வெட்டுகள் 'ஏகபோகப் பிரமதேயம்' என்கின்றன. தஞ்சாவூர்ப் பக்கத்து மிராசு ஊர்களில், நிலம் முழுவதும் ஒருவர் கையில் இருந்தால் ஏகபோகம், பலர் கையில் பிரிந்திருந்தால் பலபோகம் என்று வெள்ளைக்காரர் காலக் கணக்குகளிலும் பதிந்திருக்கிறார்கள். ஆங்கிலேயர் கிரேக்கத்திலிருந்து எடுத்துக்கொண்ட 'மோனோபோலி' ஒருவரே விற்பதைச் சொல்கிறது. நம் சொல் ஒருவரே அனுபவிப்பதைச் சொல்கிறது. எனக்கு நம் சொல்தான் கூர்மையாகப் படுகிறது, நோவு எங்கே இருக்கிறதோ அங்கேயே விரலை வைக்கிறது.

தமிழ்நாட்டுப் பொருளியல் பாடநூல்களில் இதற்கு 'முற்றுரிமை' என்று இருக்கும். நல்ல சொல், தாராளமாக எழுதலாம். இலங்கைப் பாடநூல்களில் 'தனியுரிமை' என்று வரும், அங்கே படித்தவர்களுக்குக் குழப்பமே இல்லை. ஆனால் கணினிப் பக்கத்தில் தனியுரிமை என்பது இப்போது நம் அந்தரங்கத் தகவல்மேல் நமக்குள்ள உரிமை என்றாகிவிட்டது. மென்பொருள் நிறுவனத்தைப் பற்றிய செய்தியில் 'தனியுரிமை வழக்கு' என்று போட்டால் வாசகர் வேறு ஏதோ வழக்கு என்று போய்விடுவார்.

ஆனால் 'ஏகபோக எதிர்ப்பு' என்பதிலும் எனக்கு ஒரு குறை உண்டு. ஒருவர் பெரியவராக வளர்ந்ததே குற்றம் என்பது போல அது ஒலிக்கிறது. இன்றைய சட்டம் அப்படிச் சொல்லவில்லை. நல்ல பொருளைச் செய்து நூற்றுக்குத் தொண்ணூறு பேரை வாங்க வைத்தால் அது குற்றமில்லை. அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டு அடுத்தவன் கடை போட முடியாமல் செய்வதுதான் குற்றம். மைக்ரோசாஃப்ட் வழக்கை எடுத்துப் பார்த்தால் இது தெளிவாகும்.

2004 மார்ச்சில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் அந்த நிறுவனத்துக்கு 49.7 கோடி யூரோ அபராதம் விதித்தது. குற்றம் இரண்டு. ஓர் அலுவலகத்தில் முப்பது கணினி, எல்லாம் விண்டோஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோப்புகளையும் அச்சுப்பொறியையும் எல்லாரும் பகிர்ந்துகொள்ள நடுவில் ஒரு சர்வர் வேண்டும். அந்தச் சர்வர் வேறு நிறுவனத்துடையதாக இருந்தால் அதற்கு விண்டோஸ் பேசும் பாஷை முழுதாகத் தெரிய வேண்டும். அந்தத் தகவலைப் போட்டியாளர்களுக்குத் தராமல் மறுத்தது முதல் குற்றம். சர்வர் விற்கும் போட்டி நிறுவனமான சன் மைக்ரோசிஸ்டம்ஸ் இதைப் பற்றி 1998-இலேயே புகார் கொடுத்திருந்தது. இரண்டாவது, விண்டோஸோடு பாட்டும் படமும் ஓட்டும் மீடியா பிளேயரையும் சேர்த்தே கொடுத்தது. வேண்டாம் என்று சொல்ல வழியில்லை.

இந்த இரண்டாவது குற்றத்தை நம்மில் பலர் வீட்டளவில் அனுபவித்திருக்கிறோம். நாங்கள் முதன்முதலில் கேஸ் இணைப்பு வாங்கப் போனபோது அடுப்பையும் அங்கேயே வாங்கினால்தான் பதிவு செய்வோம் என்றார்கள். வீட்டில் நல்ல அடுப்பு இருக்கிறது என்று அம்மா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார், நடக்கவில்லை. அந்த இரண்டாவது அடுப்பு பல வருடம் பரணில் கிடந்தது. இதற்குத் தமிழில் 'தலையில் கட்டுவது' என்று சொல்கிறோம். சட்ட ஆங்கிலத்திலும் இதற்குக் 'கட்டுதல்' என்ற பொருளுடைய சொல்தான், பாருங்கள். 'பிணைப்பு விற்பனை' என்று எழுதலாம், ஆனால் விளக்கும்போது தலையில் கட்டியது என்றே சொல்லுங்கள், உடனே விளங்கும்.

அப்புறம் நடந்ததுதான் முக்கியம். தகவலைக் கொடு என்று உத்தரவிட்டும் நிறுவனம் சரியாகக் கொடுக்கவில்லை. ஆணையம் நாள் கணக்குப் போட ஆரம்பித்தது. 2005 டிசம்பர் 16 முதல் 2006 ஜூன் 20 வரை 187 நாள், நாளொன்றுக்கு 15 லட்சம் யூரோ, மொத்தம் 28.05 கோடி. அதற்குப் பிறகு, தகவலுக்குக் கேட்ட விலை உத்தரவில் சொன்னபடி நியாயமாக இல்லை என்று 2008 பிப்ரவரியில் இன்னும் 89.9 கோடி. முதலில் போட்டியாளரின் விற்பனை வருவாயில் 2.98 சதவீதம் கேட்டவர்கள், 2007 அக்டோபரில் அதே தகவலை மொத்தமாக 10,000 யூரோவுக்குத் தர ஒத்துக்கொண்டார்கள் என்றால் அந்த விலை எவ்வளவு ஊதிக் கிடந்தது என்று தெரியும். இந்த 89.9 கோடி அபராதத்தை 2012-இல் நீதிமன்றம் 86 கோடியாகக் குறைத்தது. 2013-இல் வேறொரு விஷயத்துக்கு 56.1 கோடி: எந்த இணைய உலாவி வேண்டும் என்று பயனரே தேர்ந்தெடுக்கும் திரையைக் காட்டுவதாக 2009-இல் வாக்குக் கொடுத்துவிட்டு, 2011 மே முதல் 2012 ஜூலை வரை சுமார் ஒன்றரைக் கோடிப் பேருக்கு அதைக் காட்டவே இல்லை. நிறுவனம் தொழில்நுட்பப் பிழை என்றது.

ஆக நான்கு தொகைகளில் முதலாவது மட்டும்தான் சந்தையில் செய்த தவறுக்கு. மற்ற மூன்றும் சொன்னதைச் செய்யாததற்கு. நம் செய்திகளில் நான்கையும் ஒன்றாகக் கூட்டி 'ஏகபோகத்துக்கு அபராதம்' என்று எழுதும்போது இந்த வேறுபாடு காணாமல் போகிறது.

அபராதம் என்ற சொல்லும் பொருள் மாறி வந்ததுதான். வடமொழியில் அபராதம் என்றால் குற்றம். 'என் அபராதத்தைப் பொறுத்தருள வேண்டும்' என்று வேண்டுவதில் அந்தப் பழைய பொருள் இருக்கிறது. பேச்சில் அது குற்றத்துக்குக் கட்டும் பணமாகிவிட்டது. சோழர் கல்வெட்டுகளில் அந்தப் பணத்துக்குத் தண்டம் என்று பெயர். இலங்கையில் இன்றும் தண்டப்பணம்தான். தமிழ்நாட்டில் தெண்டம் என்றால் வீண் செலவு என்று தேய்ந்துவிட்டது, அது ஒரு இழப்பு. முதல் வகையை அபராதம் என்றும், சொன்னதைக் கேட்கும்வரை நாள்தோறும் ஏறுவதை 'நாள் தண்டம்' என்றும் பிரித்து எழுதினால் எவ்வளவு வசதி! இரண்டு சொல்லும் நம்மிடமே இருக்கின்றன.

இந்தியாவிலும் இதே மாற்றம் நடந்திருக்கிறது. 1969-இல் வந்த பழைய சட்டத்தின் பெயரிலேயே ஏகபோகம் இருந்தது, பெரிதாக வளர்வதையே அது சந்தேகத்தோடு பார்த்தது. அதன் இடத்துக்கு வந்த 2002-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயர் வெறும் 'போட்டிச் சட்டம்'. அதன் நான்காம் பிரிவு தடுப்பது ஆதிக்க நிலையைத் தவறாகப் பயன்படுத்துவதை மட்டும்தான், ஆதிக்க நிலையை அல்ல. 2022 அக்டோபரில் ஆண்ட்ராய்டு தொடர்பாகக் கூகுளுக்கு இந்தியப் போட்டி ஆணையம் 1,337.76 கோடி ரூபாய் விதித்ததும் இந்தப் பிரிவின்படிதான். ஐரோப்பாவிலும் சட்டத்துக்குப் பெயர் போட்டிச் சட்டமே.

அதனால் என் பரிந்துரை இது. ஆன்டிட்ரஸ்ட் சட்டத்துக்கு 'வணிகப் போட்டிச் சட்டம்'. வெறும் போட்டி என்றால் கபடிப் போட்டி, கோலப் போட்டி என்று மனம் போகிறது, 'வணிக' என்ற ஒட்டு அவசியம். நிறுவனம் செய்யும் குற்றத்துக்கு 'சந்தை ஆதிக்க முறைகேடு'. அமெரிக்காவின் பழைய டிரஸ்ட் வழக்குகளைப் பற்றி எழுதும்போது மட்டும் 'ஏகபோக எதிர்ப்பு' இருக்கட்டும், அங்கே அதுதான் பொருந்தும்.

எழுதிப் பார்த்தால் இப்படி வரும்: 'சந்தை ஆதிக்க முறைகேட்டுக்காக 2004-இல் மைக்ரோசாஃப்டுக்கு ஐரோப்பிய ஆணையம் 49.7 கோடி யூரோ அபராதம் விதித்தது. உத்தரவுக்குக் கீழ்ப்படியாததால் 2006-இல் 28.05 கோடி யூரோ நாள் தண்டமும் சேர்ந்தது.'